கூட வருகிறவளின் பை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஏழு வயது மூத்த மனிதர்கூட அக்கா என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருத்திப் பார்த்தாள், பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டாள். தம்பி பிறந்த அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. இப்போது அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கேம் விளையாடறேன்" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள், கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு விளையாட்டு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், பதினைந்து வருடமாக இதே பிழைப்பு என்று சொன்னதும் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும். கட்டைவிரல் இரண்டும் குளிரில் குத்துகின்றன. கண்ணை மூடினால் உள்ளேயும் ஒரு திரை ஓடுகிறது. ஒரு கேமையாவது ஆசையாக விளையாடி எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துப் பார்த்தால் அவளுக்கே நினைவில்லை.

அவள் வேலை பார்ப்பது இணையத்தில் கேம் விற்கும் ஒரு கடையில். பெரிய கம்பெனிகள் அனுப்பும், வீட்டு மூலையில் தனியாக உட்கார்ந்து செய்பவர்களும் அனுப்புவார்கள். அனுப்பியவர் யார் என்று தெரியாது, வெறும் எண்தான் வரும். கடைக்குப் போகும் முன் அவள் அலுவலகத்தில் இருக்கும் பதினொரு பேரில் ஒருவர் அதை ஆடிப் பார்த்து, எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஓட்டப்பந்தயம், புதிர், பந்தாட்டம் எல்லாம் சுலபம். உயிரை வாங்குவது ஆர்.பி.ஜி. ஒரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகிற விளையாட்டு. அந்த அலமாரிக்கு வருகிறவர்கள் ஒரு கேமோடு நூறு மணி நேரம் குடித்தனம் நடத்துவார்கள் என்பதால் எல்லோருக்கும் அங்கேதான் இடம் வேண்டும். பல் தேய்க்கும் விளையாட்டுக்கு மூன்று லெவல் வைத்து, ஐயா இதுவும் ஆர்.பி.ஜி.தான் என்று கூசாமல் அனுப்புவார்கள்.

இந்தக் கூத்தைத் தாங்க முடியாமல்தான் எட்டு வருடம் முன்பு மேலாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வித்தாள் எழுதச் சொன்னார். ஏழு கேள்வி, நான்குக்கு ஆமாம் என்றால் ஆர்.பி.ஜி. ஆடுகிறவர் ஒரு பாத்திரமாக இருக்கிறாரா? அவர் எடுக்கும் முடிவு கதையை மாற்றுகிறதா? சுற்றித் திரிய ஓர் உலகம் இருக்கிறதா? இப்படிப் போகும். நான்காவதுதான் முதுகெலும்பு: பட்ட அனுபவத்தால் ஏதாவது ஒரு பாத்திரத்தின் திறமை எண்ணிக்கையில் ஏறுகிறதா? அடித்தால் பலம் ஏற வேண்டும், படித்தால் அறிவு ஏற வேண்டும். அதற்கப்புறம் உள்வகை. எதிரி வந்தவுடனே அடித்தால் ஆக்‌ஷன். நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று வரிசையில் நின்று அடித்துக்கொண்டால் முறைவைத்து ஆடுவது. குகை குகையாக இறங்கி, செத்தால் முதலிலிருந்து என்றால் குகை வகை. மூன்று நான்கு பேர் சேர்ந்து நடந்தால் குழு வகை.

நான்காவது கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் அவளே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். 'கூட வருகிறவர் சுமை தூக்க மட்டுமே என்றால் அவரைப் பாத்திரமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். அவர் ஒரு பை.' அந்த வருடம் ஒருத்தன் கழுதை ஓட்டும் கேமை அனுப்பி, கழுதைக்குப் பலம் ஏறுகிறது, ஆகவே இது ஆர்.பி.ஜி. என்று சண்டைக்கு வந்திருந்தான். அந்தக் கழுதைக்காக எழுதிய குறிப்பு அது.

அன்று காலை மூன்றாவதாக வந்தது நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று. அலுப்போடு திறந்தாள்.

எட்டு வயதுப் பையன் ஒருவனாக ஆட வேண்டும். ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்துக்கடை. உள்ளறையில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். அம்மா இல்லை. கத்தி இல்லை, பூதம் இல்லை. பையனோடு எங்கும் அவனுடைய அக்கா ஒருத்தி வருவாள். அவளுக்கு முகம்கூட ஒழுங்காக வரைந்திருக்கவில்லை, இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான். பையன் வழியில் கிடப்பதை எல்லாம் பொறுக்குகிறான். கூழாங்கல், உடைந்த ரேடியோ, பாடப்புத்தகம், தண்ணீர்க் குடம், அப்பாவின் மருந்துப் புட்டி. அவன் சட்டைப் பையில் மூன்று பொருளுக்குமேல் பிடிக்காது.

இந்த மாதிரி கேம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. தன் பை நிறைந்தால் கூட வருகிறவர் தலையில் கட்டிவிடுவது. சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும். அக்காவின் கையும் அப்படித்தான் 'கொடு' பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் புள்ளி முகத்துக்காரி ஒரே வசனத்தைச் சொன்னாள்.

"குடு, இடம் இருக்கு."

ரேடியோவுக்கும் அதே பதில், குடத்துக்கும் அதே பதில். நல்லதாகப் போயிற்று என்று அக்கா அத்தனையையும் ஏற்றினாள். முப்பதாவது நிமிடம் வாக்கில் அந்தப் பெண் பின்தங்க ஆரம்பித்தாள். பையன் தெருமுனைக்குப் போய் நின்றால் அவள் பாதித் தெருவில் வருகிறாள். அவள் வராமல் அடுத்த இடம் திறக்காது. வாசலில் நின்று வழியை வேறு மறிக்கிறாள். அக்காவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் மூன்று கேம் பாக்கி இருக்கிறது, இவள் என்ன ஆடி அசைந்து வருகிறாள்? பிழைத்தாளைத் திறந்து எழுதினாள்: 'கூட வரும் பாத்திரம் காரணமில்லாமல் மெதுவாகிறது. ஆட்டத்தைத் தடுக்கிறது. சரிசெய்து அனுப்பவும்.' அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியும்விட்டாள். பிழைத்தாள் போன கேம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். திரும்பி வர நான்கு மாதம் ஆகும்.

முப்பத்தெட்டாவது நிமிடம் பையன் வீடு திரும்பினான். கதவு திறக்கவில்லை. பின்னாலேயே அந்தப் பெண் மெல்ல வந்து சேர்ந்தாள். முழங்காலால் கதவின் கீழ்ப்பக்கம் ஓர் இடி இடித்தாள். கைப்பிடியை மேலே தூக்கினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

அக்காவின் கை நின்றுவிட்டது. அவர்களுடைய பழைய வீட்டில் மழையில் ஊறி உப்பிப்போன அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நான்கே பேர். அதில் அம்மா செத்து இருபத்தைந்து வருடமாகிறது, அப்பா செத்துப் பதினேழு. மிச்சம் அவளும் தம்பியும்தான்.

தம்பி ஆறு வருடமாக வீட்டு முன்னறையில் உட்கார்ந்து என்னவோ ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். இருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தவன். அவள் பார்க்கிற வேலையால் இருவருக்குள் ஓர் ஒப்பந்தம்: அவன் காட்ட மாட்டான், அவள் கேட்க மாட்டாள். போன மாதம் மட்டும் பொறுமை போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "இந்த மாசத்தோட போதும்டா. உன் கேம் வெளிய வரலன்னா கம்ப்யூட்டரை மூடி வச்சிட்டு ஒரு வேலையைத் தேடு. எனக்கு முடியல." அவன் சரி என்றான். அவள் சொல்லி அவன் மறுபேச்சுப் பேசாத ஒரே விஷயம் அது.

இப்போது அவள் கையாலேயே அதற்கு நான்கு மாதத் தள்ளிவைப்பு எழுதி அனுப்பியாயிற்று. அதோடு கேள்வித்தாளில் மூன்று ஆமாம்தான் வருகிறது. மூன்று என்றால் 'இதர' என்ற அலமாரி. அங்கே விழுந்த கேம் கிணற்றில் போட்ட கல். கடையின் முதலாளிக்கே அப்படி ஓர் அலமாரி இருப்பது தெரியுமா என்பது சந்தேகம்.

நாற்பது நிமிடம் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஆட்டத்தின் ஐந்தாம் நாள் மருந்துக்கடைக்காரர் அப்பாவின் மருந்துச் சீட்டைக் கேட்டார். சீட்டை எப்போதோ அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டிருந்தாள். எடுக்க வேண்டுமென்றால் அவள் பையைத் திறக்க வேண்டும். முதல்முறையாகத் திறந்தாள்.

அறுபத்து நான்கு பொருள், வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எடை. மேலே ஓர் எண்: தூக்கும் திறன். 'முதல் நாள் பத்து, இன்று எழுபத்து மூன்று' என்று போட்டிருந்தது. ஒவ்வொரு 'குடு'வுக்கும் ஒன்று ஏறியிருக்கிறது. பையனுக்கு ஆட்டம் முழுக்க எதுவும் ஏறவில்லை. ஏறியதெல்லாம் அவளுக்குத்தான்.

சீட்டைத் தேடிக் கீழே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில் அவள் ஏற்றாத ஒரு பொருள் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே அது பையில் இருந்திருக்க வேண்டும்.

'ஓட்டக்காரியின் ஷூ. ஒரு ஜோடி. அளவு ஏழு. இதை எடுக்க முடியாது. இது அவளுடையது.'

எண்ணூறு மீட்டருக்குப் பயிற்சி முகாமில் இடம் கிடைத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதே மாதம் அம்மா போனாள். அப்பா படுக்கையில் விழுந்தார். முகாமிலிருந்து வந்த ஷூவைக் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் வைத்து, மேலே பழைய துணியைத் திணித்து மூடினாள். யாரிடமும் பேச்சே எடுக்கவில்லை. எட்டு வயதுப் பொடியன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான், அளவு முதற்கொண்டு படித்து வைத்திருக்கிறான் என்பது இன்று காலைவரை அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் அழுது பழக்கமில்லாததால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பிறகு உறவுப் படிவத்தை எடுத்தாள். சொந்தக்காரர் செய்த கேமை மதிப்பிடக் கூடாது. உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதி, அடுத்த மேசைக்காரரிடம் நீட்டினாள். அவளைவிட ஏழு வயது மூத்தவர் அவர்தான். ஆடும்போது திரையோடு முனகிக்கொண்டே ஆடுவதால் அவருக்கு முனகல் என்று பெயர்.

முனகல் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அக்கா, நீங்களே ஒரு பிழைத்தாள் போட்டிருக்கீங்க?"

"போட்டுட்டேன்."

"நான் ஆடிப் பாத்து ரத்து பண்ணாதான் உண்டு. ஆறு மணிக்குள்ள. இல்லன்னா பிழைத்தாள் நிலைச்சுடும்."

"தெரியும்."

"கேமைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"அந்த விதியையும் நான்தாங்க எழுதினேன்" என்றாள்.

நான்கரை மணிக்கு முனகல் உட்கார்ந்தார். அக்கா தன் திரையில் ஏதோ ஒரு விண்வெளிச் சண்டையைத் திறந்து வைத்துக்கொண்டாள். காது மட்டும் பக்கத்து மேசையில் இருந்தது. நல்ல காலம், மனிதர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறவர்.

"என்னடா இது, குடமா... இதையும் நீயே வச்சுக்கம்மா... கல்லா? கல்லும் உனக்கே... யப்பா, நல்ல பொண்ணு, எதைக் குடுத்தாலும் வாங்கிக்குது." பத்து நிமிடம் கழித்து: "வாம்மா தாயே... ஏன் நத்தை மாதிரி வர்றே?" இன்னும் பத்து நிமிடத்தில் குரல் ஏறிவிட்டது. "அட நகரும்மா! வாசல்ல நந்தி மாதிரி நின்னா எப்படி?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது பழுதில்லை, பையைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் கேம் அப்போதே தள்ளுபடி. விண்வெளியில் அவள் கப்பல் மூன்று முறை வெடித்தது.

ஐந்து பத்து. முனகல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நாப்பது நிமிஷம் ஆச்சு. அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதினது சரிதான். அந்தப் பொண்ணு நடையில என்னமோ கோளாறு. எண்ணும் எதுவும் ஏறல. மூணுதான் வருது."

கேமைப் பற்றி அவள் பேசக் கூடாது. கேள்வித்தாளைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நாப்பது நிமிஷம்னு நான்தான் வச்சேன். ஏன் நாப்பதுன்னா, அன்னைக்கு எனக்கு அதுக்கு மேல உக்கார முடியல. அவ்வளவுதான் காரணம். நாப்பது நிமிஷத்துல யாரையாவது தெரிஞ்சுக்க முடியுமாங்க?"

முனகல் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சீட்டா? எந்தச் சீட்டு? அதை இவகிட்ட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அதன்பிறகு முனகலே இல்லை. பதினைந்து வருடத்தில் அந்த மேசை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. பொத்தான் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது, பட்டியலை ஒவ்வொரு வரியாக இறக்குகிற சத்தம்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "உங்க ஷூ என்ன அளவு?"

"ஏழு."

அவர் கேள்வித்தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். நான்காவது கேள்வியில் விரல் நின்றது. "தூக்கற திறன் பத்துலேர்ந்து எழுபத்தி மூணு. ஏறியிருக்கு. ஆனா உங்க குறிப்பு இருக்கே. சுமை தூக்க மட்டும்னா அவங்க ஒரு பை."

"ம்."

"இதை யாரை மனசுல வச்சு எழுதினீங்க?"

"கழுதையை."

முனகல் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல எங்க அண்ணி இருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். பேனாவை எடுத்துப் பொடி எழுத்துக் குறிப்பின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிழைத்தாளை ரத்து செய்தார். வகை என்ற இடத்தில் ஆர்.பி.ஜி. உள்வகை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'குழு' என்று எழுதினார்.

"குழுன்னா மூணு நாலு பேர் வேணும்னு இருக்கு" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

"ரெண்டு பேர் போதும். நான் சொல்றேன். நீங்க பேசாம இருங்க, உங்களுக்கு இதுல உரிமை இல்ல." மணி ஐந்து ஐம்பது. "காலைல பத்து மணிக்குக் கடிதம் போகும். அதுவரைக்கும் வீட்டுல மூச்சு விடக் கூடாது, தெரியும்ல?"

"அதையும் நான்தான் எழுதினேன்" என்றாள்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யாமல் இரண்டு வருடம். ஒவ்வொரு படியிலும் முழங்கால் முனகியது. வழியெல்லாம் ஒரு நினைப்பு மனதைக் குளிர வைத்துக்கொண்டே வந்தது: பயல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். கேட்காமல் இருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இருபத்தைந்து வருடம் வீணில்லை.

கதவைத் திறந்தாள். தம்பி முன்னறையில் முதுகைக் காட்டிக்கொண்டு கணினியில் உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை.

"வந்துட்டியாக்கா? செருப்பைக் கழட்டாத. குப்பைப் பை வாசல்ல இருக்கு பாரு, கீழ போட்டுட்டு வந்துடேன். அப்படியே வரும்போது தண்ணி கேன் ஒண்ணு. ரெண்டா கிடைச்சா ரெண்டு."

அவள் வாசலிலேயே நின்றாள். கோபம் வந்தது, அதற்கு முன்னால் சிரிப்பு வந்தது. ஆறு வருடம் உட்கார்ந்து அவள் முதுகு வலியை எண்ணாகவும் எடையாகவும் வரைந்த புத்திசாலிக்கு, அதே முதுகில் குப்பைப் பையை ஏற்றும்போது ஒன்றும் உறைக்கவில்லை. வரைந்து முடித்ததும் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. இத்தனைக்கும் அவள் கை பாதி நீண்டுவிட்டது. வாயும் வழக்கம்போலத் திறந்துவிட்டது. 'குடு' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இடம் இல்லடா" என்றாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. அவன் நாற்காலியோடு திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான், தோளில் தொங்கிய பையைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"அக்கா... நீ..."

"நான் ஒண்ணும் பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எந்திரி."

அவன் எழுந்தான். குப்பைப் பையை எடுத்தான். வாசலைத் தாண்டிப் படியிறங்கினான். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். உட்கார நன்றாகத்தான் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து, இரண்டு கையிலும் கேனோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். கேனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மூணு மாடி... உசுரு போகுதுக்கா. தினமும் எப்படித்தான் தூக்கினே?"

"எனக்கு லெவல் ஏறிடுச்சு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "நாளைலேர்ந்து நீ தூக்கு. உனக்கும் ஏறும்."